கண்ணாடியும் காயலான் கடைப் பொருளும்: சிற்பம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 பிப்ரவரியில் மெக்சிகோ நகரத்தில் சோனா மாகோ கலைச் சந்தை நடந்தது. அங்கே வைத்திருந்த கேப்ரியேல் ரீகோ என்ற கலைஞரின் படைப்பு ஒன்று திடீரென்று நொறுங்கி விழுந்தது. பெரிய கண்ணாடித் தகட்டில் கல், கால்பந்து என்று கிடைத்த பொருட்களைக் கோத்துச் செய்த படைப்பு அது. மதிப்பு சுமார் 20,000 டாலர். கலை விமர்சகர் ஒருவர் காலி சோடா கேனை அதனருகே கொண்டுபோன நேரத்தில் உடைந்தது. உலகம் முழுக்கச் செய்தி அந்த விமர்சகரைச் சுற்றியே ஓடியது.

கண்ணாடியோடு பழம்பொருட்களைச் சேர்த்துச் சிற்பம் செய்கிறவர்கள் அந்தச் செய்தியை வேறு மாதிரி படிக்க வேண்டும். காலி கேன் ஒன்றுக்கு எடை என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் துளை போட்டு, பாரம் ஏற்றி, இறுக்கிப் பிடித்த கண்ணாடிக்குள் எப்போதும் ஓர் இழுவிசை இருக்கும். அந்த நிலையில் சின்னத் தொடுதலே போதும். இந்த வகை வேலைகள் உடைவதை நான் பார்த்தவரை, கீழே விழுந்து உடைந்தவை குறைவு. பக்கத்தில் இருக்கும் பொருள் அசைய இடம் விடாமல் கட்டியதால் உடைந்தவைதான் அதிகம். ஒட்டுவது, மாட்டுவது, பெட்டியில் போடுவது என்று எங்கே பார்த்தாலும் இந்த ஒரே தவறுதான் வேறு வேறு உருவத்தில் வருகிறது.

பொருள் பொறுக்கும்போதே

சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழம்பொருள் விற்கும் இடங்களில் கிடைக்கும் கண்ணாடி எல்லாம் ஒரே ஜாதி இல்லை. காரின் பக்கவாட்டு ஜன்னல் டஃபன்ட் கண்ணாடி. அதை வெட்டவோ துளை போடவோ முடியாது. கட்டரை வைத்து அழுத்தினால் முழுத் தகடும் கல்கண்டுத் துகளாகச் சிதறும். அளவு வெட்டி, துளை எல்லாம் போட்ட பிறகுதான் அதை டஃபன் செய்வார்கள். மூலையில் சின்ன முத்திரை இருந்தால் பெரும்பாலும் அதுதான். முன்பக்கக் கண்ணாடி வேறு: இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது. விரிசல் விட்டாலும் சிதறாமல் படலத்தோடு ஒட்டியே நிற்கும் என்பதால் சிற்பத்துக்கு நல்ல பொருள்.

பழைய டியூப் லைட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. பெட்டி டிவியின் பிக்சர் டியூபும் வேண்டாம். உள்ளே காற்று இல்லாததால் அடிபட்டால் உள்நோக்கி வெடிக்கும். அதன் பின்பக்கக் கண்ணாடியில் ஈயமும் கலந்திருக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக வாங்கிப் பட்டறையில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

உருக்கி ஒட்டுகிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. இரண்டு பாட்டில்கள் ஒரே பச்சையாக இருக்கலாம். சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியும் என்று அர்த்தம் இல்லை. கலைவேலைக்கான கண்ணாடியை 90, 96 என்று எண் போட்டு விற்பது இதற்காகத்தான். சூட்டில் விரியும் அளவைக் குறிக்கும் எண் அது. 90-ஐயும் 96-ஐயும் சேர்த்து உருக்கினால், சூளையிலிருந்து எடுக்கும்போது நன்றாக இருக்கும். பிறகு ஒரு நாள் தானாக விரிசல் விடும். ஆகவே ஒரே பாட்டிலின் துண்டுகளை மட்டும் சேர்த்து உருக்குங்கள். உலோகத்தை உள்ளே வைக்க ஆசை என்றால் தாள் போன்ற மெல்லிய செம்புத் தகடு தாங்கும், தடித்த ஆணி தாங்காது.

இதைச் சோதிக்க வீட்டிலேயே வழி உண்டு. லேப்டாப் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸை எடுத்து, அதன் வழியே பார்த்தால் திரை கறுப்பாகத் தெரியும் கோணம் வரும்வரை திருப்புங்கள். இப்போது இரண்டுக்கும் நடுவே உங்கள் கண்ணாடித் துண்டைப் பிடியுங்கள். இறுக்கம் இல்லாத கண்ணாடி கறுப்பாகவே இருக்கும். இறுக்கம் இருக்கும் இடம் வெளிச்சமாக ஒளிரும், சில சமயம் வண்ணம்கூடத் தெரியும். ஒட்டின இடத்தைச் சுற்றி ஒளிவட்டம் கட்டினால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுவதே நல்லது. டஃபன்ட் கண்ணாடியும் இதில் மாட்டிக்கொள்ளும்.

ஒட்டும் இடம்

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு மீட்டர் நீளமுள்ள ஜன்னல் கண்ணாடி, வெப்பம் 30 டிகிரி ஏறினால் சுமார் 0.27 மி.மீ. நீளும். அதே நீள இரும்புப் பட்டை 0.36 மி.மீ., அலுமினியம் 0.7 மி.மீ., அக்ரிலிக் இரண்டு மி.மீ.க்கும் மேல். இரும்புக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசம் குறைவு, சமாளிக்கலாம். அலுமினியத்தோடோ அக்ரிலிக்கோடோ கண்ணாடியை நீளவாக்கில் கெட்டியான எபாக்ஸிப் பசை போட்டு ஒட்டினால், வெயில் படும் ஒவ்வொரு நாளும் அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். பசை விடாது. கண்ணாடியின் மேல்தோல்தான் சிப்பியாகப் பெயர்ந்து பசையோடு வரும். அதைப் பார்த்துவிட்டு "பசை சரியில்லை, இன்னும் வலுவானது வாங்கணும்" என்று கடைக்குப் போனால் அடுத்த சிற்பமும் அப்படித்தான் போகும். அங்கே தேவை இளகிக்கொடுக்கும் பசை. சிலிகான் சீலன்ட்டை இரண்டு, மூன்று மி.மீ. கனத்துக்கு மெத்தைபோல விட்டு ஒட்டுங்கள். அழுத்திப் பிதுக்கி வெளியே தள்ளிவிட்டால் மெத்தையே இருக்காது. நடுவில் சின்ன ரப்பர் துண்டுகளை வைத்துவிட்டால் கனம் குறையாது.

சிலிகானிலும் இரண்டு வகை உண்டு. காடி (வினிகர்) வாசனை அடிக்கிறதே, அது காயும்போது அமிலம் விடும். பித்தளை, செம்பு பச்சை பிடிக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சை அரித்துவிடும். உலோகமோ ரசம் பூசிய கண்ணாடியோ இருந்தால் டியூபில் 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். இன்னொன்று, சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் காயும். ஒரு நாளில் விளிம்பிலிருந்து இரண்டு, மூன்று மி.மீ. அளவுக்குத்தான் உள்ளே காயும். உள்ளங்கை அகலத்துக்குப் பூசிய சிலிகானின் நடுப்பகுதி வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். வெளியே தொட்டுப் பார்த்துக் கெட்டியாக இருக்கிறது என்று தூக்கி மாட்டிவிடாதீர்கள். அகலமாகப் பூசாமல், இடைவெளி விட்டுக் கோடு கோடாகப் போட்டால் சீக்கிரம் காயும்.

எபாக்ஸி வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னத் துண்டுகளுக்கும் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டுவதற்கும் அது நல்லதுதான். ஆனால் சாதாரண எபாக்ஸி வெளிச்சத்தில் மஞ்சளாகும், ஐந்து நிமிடத்தில் காய்வது இன்னும் சீக்கிரமாக. அருங்காட்சியகங்களில் கண்ணாடி ஒட்டுகிறவர்கள் 'ஹெக்ஸ்டல்' என்ற மஞ்சளாகாத எபாக்ஸியைப் பயன்படுத்துவது இதனால்தான். அது முழுதாகக் காய ஒரு வாரம் பிடிக்கும், விலையும் அதிகம். தெளிந்த கண்ணாடியில் இணைப்பு வெளியே தெரியும் என்றால் அந்தச் செலவு நியாயம். ஃபெவிக்விக் வகைப் பசை, பொருளை அசையாமல் பிடித்துவைக்க மட்டும். ஈரக்காற்றில் அது கண்ணாடியை விட்டுவிடும்.

எந்தப் பசையானாலும், ஒட்டும் முன் ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்துவிட்டு, அப்புறம் அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் ஒன்றே போதும் ஒட்டைக் கெடுக்க.

ஒட்டாமல் பிடிப்பது இதைவிட நல்லது என்பது என் கட்சி. நட்டும் போல்ட்டும் போடுங்கள். துளையைப் போல்ட்டைவிடப் பெரிதாகப் போட்டு, நடுவில் ரப்பர் குழாய், இரண்டு பக்கமும் நைலான் வாஷர். இரும்பு கண்ணாடியை எங்கேயும் நேராகத் தொடக்கூடாது. கையால் முடுக்குவதோடு நிறுத்துங்கள், ஸ்பானர் வேண்டாம். பின்னால் கழற்றிச் சுத்தம் செய்யலாம், உடைந்தால் ஒரு துண்டை மட்டும் மாற்றலாம்.

துருவும் மரமும்

துருப்பிடித்த இரும்பின் நிறம் கண்ணாடிப் பக்கத்தில் எப்படி நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். பாட்டில் கழுத்துக்குள் கச்சிதமாகச் செருகிய கம்பி இரண்டு மழைக்காலம் தாண்டினால் கழுத்தைப் பிளந்துவிடும். தளர்ந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, மெழுகோ மேட் வார்னிஷோ பூசினால் நிறமும் மிஞ்சும், வளர்ச்சியும் அடங்கும். மரம் குறுக்குவாட்டில் உப்பிச் சுருங்கும். பழைய கதவுப் பலகையில் பள்ளம் வெட்டிக் கண்ணாடியைப் பதித்தால் இரண்டு பக்கமும் சில மி.மீ. காலியாக விடுங்கள்.

சிமென்ட்டில் பதிப்பவர்கள் சண்டிகரின் ராக் கார்டனைப் போய்ப் பார்க்க வேண்டும். சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் 1957 வாக்கில் யாருக்கும் தெரியாமல் தொடங்கியது. 1976-ல் மக்களுக்குத் திறந்தார்கள். உடைந்த வளையல் துண்டுகளால் உடம்பு மூடிய உருவங்கள் வெயிலிலும் மழையிலும் வரிசையாக நிற்கின்றன. வளையல் துண்டு மெல்லியது, வளைந்தது; ஓரமாகச் செருகினால் சிமென்ட் அதைக் கவ்விக்கொள்ள இடம் கிடைக்கும். வழவழப்பான தட்டைத் துண்டை அதன் தட்டைப் பக்கம் சிமென்ட்டில் படுகிற மாதிரி ஒட்டினால் பிடிப்பு கிடையாது. பாட்டில் கண்ணாடியையும் அப்படியே ஓரமாக நிறுத்திப் பதியுங்கள்.

வெட்டுவது, தேய்ப்பது பற்றிச் சுருக்கமாக: கட்டர் கோட்டை ஒரே முறைதான் இழுக்க வேண்டும், அதன்மேல் இரண்டாம் முறை ஓட்டினால் வெட்டு கோணலாகும், கட்டரும் மழுங்கும். தேய்ப்பதும் துளையிடுவதும் எப்போதும் தண்ணீரோடு. உலர்ந்த கண்ணாடித் தூள் நுரையீரலுக்குள் போனால் கெடுதல். என்95 முகக்கவசமும் கண்ணைச் சுற்றி மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் போடாமல் உட்காராதீர்கள்.

பொருளைக் குவிப்பது

இது உடைசல் சம்பந்தப்பட்டதில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கிராமபோன் ஊசி, லாந்தர், பூட்டு, சாவி, கடிகாரப் பல்சக்கரம் எல்லாவற்றையும் ஒரே சிற்பத்தில் வைத்தால் பார்ப்பவர் "எங்க தாத்தா வீட்டுல இது இருந்துச்சு" என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். பொருளின் பழமையே வேலையைச் செய்துவிடும் என்று நம்பி விட்டுவிடுகிறோம். கண்ணாடிக்கு ஒளியை வாங்கி வளைத்துத் தரும் குணம் இருக்கிறது. பக்கத்துப் பொருள் அதற்கு என்ன செய்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். துளைகள் நிறைந்த ஜல்லிக்கரண்டியின் பின்னால் நீலக் கண்ணாடி இருந்தால் சுவரில் நீலப் புள்ளிகள் விழும். அங்கே இரண்டும் சேர்ந்து ஒரு காரியம் நடக்கிறது. எதுவும் நடக்காத பொருளை எடுத்துவிடலாம்.

விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ எண்ணம் இருந்தால் இன்னொரு கவனம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலைத் துண்டும் நாணயமும் 1972 தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. பவளத் துண்டுகளுக்கும் சில வகைச் சங்குகளுக்கும் வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.

காட்சிக்கு வைக்கும்போது

கண்ணாடியின் எடையைக் குறைத்து நினைப்பது முதல் தவறு. ஒரு சதுர மீட்டர், 6 மி.மீ. கனம் என்றால் 15 கிலோ. தொங்கவிடுவதாக இருந்தால் கூடத்தின் பொறுப்பாளரிடம் எடையை எழுதிக் கொடுத்துவிட்டு, கூரையில் எங்கே கொக்கி போடலாம் என்று கேளுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டவே கூடாது. இரண்டு கம்பிகள், ஒவ்வொன்றும் தனியாகவே முழு எடையையும் தாங்கும்படி.

பீடம் ஆடுகிறதா என்று தோளால் இடித்துப் பாருங்கள். உள்ளே மணல் மூட்டை வைத்தால் நிலைக்கும். 2016-ல் ஷாங்காய் கண்ணாடி அருங்காட்சியகத்தில் ஷெல்லி ஷுவே என்ற கலைஞர் செய்த தேவதைச் சிறகுகளை இரண்டு குழந்தைகள் கயிற்றைத் தாண்டிப் போய்ப் பிடித்து இழுத்து உடைத்தார்கள். கூட வந்த பெரியவர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஷெல்லி அந்தப் படைப்புக்கு 'உடைந்தது' என்றே பெயர் மாற்றினார். கயிறும் 'தொடாதீர்கள்' பலகையும் குழந்தையை நிறுத்தாது. கை எட்டாத தூரம்தான் நிறுத்தும். எட்டும் தூரத்தில்தான் வைக்க முடியும் என்றால் விளிம்புகளை எல்லாம் மழுக்கிப் பாலிஷ் போடுங்கள், ஏனென்றால் யாராவது தொடுவார்கள், அவர்கள் கை கிழியக்கூடாது.

வெளிச்சத்தை நேர் எதிரே வைத்தால் பார்ப்பவருக்குத் தன் முகமும் விளக்கும்தான் தெரியும். பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ எல்இடி கொடுங்கள். ஹாலோஜன் விளக்கைப் பக்கத்தில் வைத்தால் ஒரு பகுதி மட்டும் சூடேறி விரியும். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். உருண்டையான கண்ணாடியையோ தண்ணீர் நிரப்பிய பாட்டிலையோ வெயில் விழும் ஜன்னலோரம் வைப்பது தீவிபத்துக்கு வழி. அது வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும்.

வண்டியில் ஏற்றும்போது

மார்செல் துஷான் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1915 முதல் 1923 வரை செய்த 'பெரிய கண்ணாடி'யில் இரண்டு தகடுகள். ஈயக்கம்பி, ஈயத்தாள், எண்ணெய் வண்ணம், தூசிகூட அதில் பொருள். 1926-ல் புரூக்ளினில் காட்சிக்கு வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பியபோது ஒரு தகட்டின்மேல் இன்னொன்றைப் படுக்கவைத்து ஏற்றினார்கள். வண்டியின் ஆட்டத்தில் இரண்டும் நொறுங்கின. சில வருஷம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரியவந்தது. 1936-ல் அவரே துண்டுகளைச் சேர்த்து, தடித்த கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து நிறுத்தினார். இரண்டு தகட்டிலும் விரிசல் ஒரே போக்கில் ஓடுவது இன்றும் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் தெரிகிறது.

கண்ணாடிக் கடைக்காரர் எவரும் தகட்டைப் படுக்கவைத்துக் கொண்டுபோக மாட்டார். நிறுத்தித்தான் போவார். நீங்களும் நிறுத்துங்கள், நடுவில் தெர்மாகோல் பலகை வையுங்கள். பெட்டிக்குள் பெட்டி வைத்து, இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் ஃபோம் கொடுங்கள். கழற்றக்கூடிய பாகங்களைத் தனித்தனியாகச் சுற்றி எண் போடுங்கள். பெட்டி மூடியின் உள்பக்கம், எந்தப் பாகத்தை முதலில் எடுக்க வேண்டும், எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று போட்டோவோடு ஒட்டிவிடுங்கள். திறப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள். மூடும் முன் எல்லாப் பக்கமும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இழப்பீடு கேட்கும்போது வாதம் செய்ய வேண்டியிருக்காது.

வாங்கியவருக்கும் ஒரு தாள் கொடுங்கள்: கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராகத் தெளிக்க வேண்டாம், துணியில் நனைத்துத் துடைக்கவும், பசைக்கோட்டையும் இரும்பையும் ஈரம் தொடாமல் பார்த்துக்கொள்ளவும். அந்தத் தாளில் எந்த இணைப்புக்கு எந்தப் பசை, எந்த அளவு போல்ட் என்றும் எழுதிவிடுங்கள். பத்து வருஷம் கழித்துப் பழுது பார்ப்பவருக்கு அது வேண்டும்.