மன்னனை விரட்டினால் விடை வரும்

குறுக்கெழுத்துப் போட்டியில் 'மன்னன் துரத்தப்பட்டான்', 'அரசன் பதவியிழந்தான்' என்று வந்தால் அரசியலைத் தேடாதீர்கள். குறிப்பு சுட்டும் சொல்லிலிருந்து 'கோ'வைத் தூக்குங்கள். 'மன்னன் துரத்தப்பட்ட ஆலயத்தில் ஆயுதம். இரண்டெழுத்து': கோவிலில் கோ போனால் வில். 'கோ' அரசனைக் குறிக்கும் ஓரெழுத்துச் சொல். ஒரே கட்டத்தோடு ஆட்சி முடிந்துவிடுவதால் புதிர் போடுபவர்களுக்கு அதன்மேல் அலாதிப் பிரியம். இது பிடிபட்ட பிறகு, கொழும்புக் கோட்டையில் ரயிலேறி விரித்த ஞாயிறு இதழை, சில நிலையங்களே தள்ளியுள்ள வெள்ளவத்தைக்கு முன்பே புதிரை முடித்து மடித்துவிடுகிறேன். 'ஆட்சி கவிழ்ந்தது' என்றால் சொல்லைப் பின்னிருந்து வாசியுங்கள் (விகடகவியை மட்டும் எவராலும் கவிழ்க்க முடியாது). குறிப்பில் ஆண்டோ நாடோ இருந்தால் இந்த உத்தி செல்லாது: '1952இல் முடியிழந்த எகிப்து மன்னர்' பாரூக்தான்.