பேட்டால் பதில் சொல்ல முடியுமா? ஸ்லெட்ஜிங்குக்குக் கோடு போடும் வழி

பதினோரு வருடம் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்தவன் நான். கீப்பருக்குப் பந்து பிடிப்பது பாதி வேலை, எதிராளியைச் சீண்டி வாய் ஓயாமல் பேசுவது, அதாவது ஸ்லெட்ஜிங், மீதி வேலை என்று நம்பிய ஆள். இப்போது முட்டி தேய்ந்துபோய், வார இறுதிகளில் லீக் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கிறேன். பேசிய வாயும் என்னுடையதுதான், இப்போது கேட்கிற காதும் என்னுடையதுதான். அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் என் கதை. எதிரணியில் ஏழாவது ஆளாக ஒரு பையன் வந்தான். பத்தொன்பது வயது இருக்கும். நல்ல கை, பந்தைத் தாமதமாக ஆடினான். மூன்றாவது பந்தை பாயிண்ட் பக்கம் தட்டிவிட்டு எதிர்முனைக்குக் குரல் கொடுத்தான்: "வே... வே... வேணாம்!" பேச்சு திக்கியது. அடுத்த பந்து முடிந்ததும் நான் "வெ... வெ... வெல் பௌல்ட்" என்றேன். ஸ்லிப்பில் நின்ற இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஓவர் முடிவதற்குள் கவர், மிட்-விக்கெட் வரை அதே பாட்டு.

பையன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிடுவதையே நிறுத்திவிட்டான். ஓடலாம் என்றால் தலையை மட்டும் ஆட்டுவான். சில ஓவர் கழித்து அப்படித் தலையாட்டிவிட்டு ஓடினான். எதிர்முனையில் இருந்தவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், இவனைப் பார்க்கவில்லை. பாதி பிட்ச்சில் நின்று திரும்பினான். அதற்குள் பந்து என் கையில். பெயில்ஸைத் தட்டியபோது அவன் பேட் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே இருந்தது. ஆட்டத்தை ஜெயித்தோம். அதை என் மூளைக்குக் கிடைத்த விக்கெட் என்று நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது என்னிடம் இருக்கும் சோதனை அந்தப் பையன் தந்ததுதான். எதைச் சொல்வதற்கு முன்னாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்கு அவன் பேட்டால் பதில் சொல்ல முடியுமா?

"ஃபைன் லெக், நீ மேல வா. இவரு புல் ஷாட் ஆடுற ஆளு இல்ல." இதற்குப் பதில் உண்டு. அடுத்த ஷார்ட் பந்தை அவர் எல்லைக்கு அனுப்பினால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். "தம்பி, ஆஃப் ஸ்டம்பு எங்க இருக்குன்னு ஒருதரம் திரும்பிப் பாத்துக்கோ." இதற்கும் உண்டு. வெளியே போகிற பந்துகளை வரிசையாக விட்டுத்தள்ளினால் போதும். ஆனால் திக்குவாய்க்கு எத்தனை ரன் அடித்தால் பதிலாகும்? நூறு அடித்தாலும் ஆகாது. நிறம், சாதி, மதம், அம்மா, மனைவி, உடல் குறை, நோய், வீட்டில் நடந்த சாவு, யாரைக் காதலிக்கிறான் என்பது எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். பந்தாலும் பேட்டாலும் தொட முடியாத இடத்தில் அடிக்கிறீர்கள் என்றால் அது ஸ்லெட்ஜிங் இல்லை, வசவு.

1996 உலகக் கோப்பை காலிறுதியில், பெங்களூரில், பாகிஸ்தானின் அமீர் சொஹைல் நான்கு அடித்துவிட்டு இந்திய பௌலர் வெங்கடேஷ் பிரசாத்துக்கு எல்லைக்கோட்டைச் சுட்டிக் காட்டியது ஞாபகம் இருக்கும். அடுத்த பந்தில் ஸ்டம்பு எகிறியது. சீண்டலும் கிரிக்கெட், பதிலும் கிரிக்கெட். (அதற்கப்புறம் பிரசாத் வாய்விட்டுச் சொன்னதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம் என்பதையும் கவனியுங்கள். கனமான ஒருவர் பேட் செய்ய வருகிறார். "டீப்ல இருக்கறவன் மெதுவாவே எடு, இவரு ரெண்டாவது ரன் வரமாட்டாரு" என்றால் அது ஓட்டத்தைப் பற்றிய பேச்சு. அவர் இரண்டாவது ரன்னை ஓடி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். அதே ஆளின் தொப்பையைப் பற்றிப் பேசினால் அவரிடம் பதில் இல்லை.

குடும்பம் என்ற வார்த்தை வந்தாலே தப்பா என்றால், அப்படியும் இல்லை. 2018 டிசம்பர் மெல்போர்ன் டெஸ்ட்டில் ஆஸ்திரேலிய கேப்டனும் கீப்பருமான டிம் பெய்ன், இந்திய கீப்பர் ரிஷப் பந்த்திடம், ஒருநாள் அணிக்குத்தான் தோனி திரும்பிவிட்டாரே, நீ இங்கேயே இருந்து, நானும் மனைவியும் சினிமாவுக்குப் போகும்போது என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார். இழுத்துவிட்டது தன் பிள்ளைகளை, சீண்டியது பந்த்தின் அணி இடத்தை. அடுத்து பெய்ன் பேட் செய்ய வந்தபோது பந்த் அவரைத் 'தற்காலிக கேப்டன்' என்று கலாய்த்தார். புத்தாண்டு அன்று பெய்னின் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்த் படமும் எடுத்துக்கொண்டார். அப்படிப் படம் எடுத்துக்கொள்ள முடிகிறதா என்பதும் ஒரு சோதனைதான்.

மிரட்டலுக்குத் தனிக் கணக்கு. 2013 நவம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலிய கேப்டன் மைக்கேல் கிளார்க், பேட் செய்துகொண்டிருந்த இங்கிலாந்து பௌலர் ஜேம்ஸ் ஆண்டர்சனிடம் கை முறியப் போகிறது, தயாராக இரு என்று வசவோடு சேர்த்துச் சொன்னது ஸ்டம்ப் மைக்கில் பதிவாகி, அந்த ஆட்டத்துக்கான சம்பளத்தில் 20 சதவீதம் அபராதமாகப் போனது. கடைசி ஆளாக வருகிற பௌலரிடம் அன்று பந்து வீசிய மிட்செல் ஜான்சனின் வேகத்துக்கு பேட்டில் என்ன பதில் இருக்கும்? "இவன் பௌன்சருக்குப் பயப்படுவான்" என்பது சீண்டல். "உன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன்" என்பது வேறு ஜாதி.

அடுத்து, மொழி. எதிராளிக்குப் புரியாத மொழியில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம். எனக்கும் இருந்தது. 2019 ஜனவரியில் டர்பனில் பாகிஸ்தான் கேப்டன் சர்ஃபராஸ் அகமது, தென்னாப்பிரிக்காவின் ஆண்டிலே பெலுக்வாயோவின் நிறத்தைச் சொல்லி உருதுவில் ஏதோ முனகினார். பெலுக்வாயோவுக்கு உருது தெரியாது. ஸ்டம்ப் மைக்குக்குப் பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியும். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐ.சி.சி.) இனவெறி எதிர்ப்பு விதிப்படி நான்கு ஆட்டத் தடை. நான் சொல்கிற வழி எளிது: சொன்னதை அவனுக்குப் புரிகிற மொழியில், முகத்துக்கு நேரே மொழிபெயர்த்துச் சொல்ல உங்களால் முடியுமா? முடியாது என்றால் முனகவும் வேண்டாம்.

இந்த மொழி விஷயத்தில் 2008 சிட்னி டெஸ்ட்டை விட்டுவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சைமண்ட்ஸைக் குரங்கு என்றார் என்று ஹர்பஜன் சிங்குக்கு மூன்று டெஸ்ட் தடை போட்டார்கள். மேல்முறையீட்டில் நீதிபதி ஜான் ஹான்சன் இனவெறிக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று தடையை நீக்கி, தகாத வார்த்தை பேசியதற்குப் அந்த ஆட்டத்துக்கான சம்பளத்தில் பாதியை மட்டும் அபராதமாகப் போட்டார். ஆஸ்திரேலியர் காதில் அப்படி விழுந்தது இந்தியில் அம்மாவை இழுக்கும் ஒரு வசவு என்பது நம் பக்க வாதம். அப்போது நானும் டீக்கடை வாதத்தில் ஹர்பஜன் கட்சிதான். இன்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. "குரங்கு என்று சொல்லவில்லை, அம்மாவைத்தான் சொன்னான்" என்பதை ஒரு நல்ல பதிலாக நினைத்து நாங்கள் எல்லோரும் பெருமூச்சு விட்டோம்.

சரி, வார்த்தை சரியாக இருந்தாலும் நேரம் தப்பாகலாம். பௌலர் ஓடி வர ஆரம்பித்ததும் வாயை மூட வேண்டும். இது நாகரிகம் மட்டுமல்ல, விதி. பந்தை எதிர்கொள்ளத் தயாராகும் பேட்ஸ்மேனை ஒரு ஃபீல்டர் வேண்டுமென்றே கவனம் சிதறச் செய்தால், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி.யின் விதி 41.4 படி அம்பயர் டெட் பால் (அந்தப் பந்து செல்லாது) சொல்லி பேட்டிங் அணிக்கு ஐந்து ரன் கொடுக்கலாம். அந்தப் பந்தில் அவுட்டும் கிடையாது. பந்துக்கும் பந்துக்கும் நடுவில் பேசுங்கள், ஓவர் மாறும்போது பேசுங்கள்.

அவுட் ஆனவனிடம் பேசவே பேசாதீர்கள். அவுட் ஆகிப் போகிறவனைப் பேசியோ சைகை காட்டியோ வழியனுப்பும் சென்ட்-ஆஃப் கொடுப்பதில் எனக்கு ஒருகாலத்தில் ரொம்ப ஆசை. ஆனால் என் சோதனையில் அது முதல் வரியிலேயே தோற்றுப்போகும். அவன் பேட்டை அக்குளில் வைத்துக்கொண்டு போகிறான், எதால் பதில் சொல்வான்? 2024 டிசம்பரில் அடிலெய்டில் 140 ரன் அடித்த ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட்டை பௌல்டாக்கிவிட்டு, முகமது சிராஜ் பெவிலியனைக் காட்டினார். இருவருக்கும் ஆளுக்கொரு டிமெரிட் புள்ளி (நடத்தைக்கான கரும்புள்ளி), சிராஜுக்குக் கூடுதலாக ஆட்டச் சம்பளத்தில் 20 சதவீத அபராதம். விக்கெட்டும் எடுத்து, பணமும் கட்டுவானேன்?

எத்தனை பேர் பேசுகிறீர்கள், எத்தனை தடவை பேசுகிறீர்கள் என்பதும் உண்டு. ஒருவன் ஒரு தடவை சொன்னால் கிண்டல். அதையே ஒன்பது பேர் அரை மணி நேரம் சொன்னால், வார்த்தை எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அது ஆளை வளைத்துக்கொண்டு அடிப்பதுதான். "உங்கப்பா செலக்டராமே?" மாதிரி நடுவில் தொங்குகிற பேச்சுகளை நான் அம்பயராக ஒருமுறை காதில் வாங்காதது போல் விட்டுவிடுவேன். இரண்டாம் முறை கேப்டனைக் கூப்பிடுவேன். பையன்கள் ஆட்டம் என்றால் அந்த ஒருமுறையும் கிடையாது.

வாங்கிக் கட்டிக்கொள்கிற பக்கம் நீங்கள் இருந்தால், செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கிரிக்கெட்டைப் பற்றிய சீண்டலாக இருந்தால் கிரீஸைவிட்டு விலகி, கிளவுஸைக் கழற்றி மாட்டி, அவர்கள் நேரத்தைத் தின்னுங்கள். 2021 ஜனவரியில் சிட்னியில் அஸ்வினும் விஹாரியும் செய்தது ஏறக்குறைய அதுதான். அஸ்வின் 128 பந்து ஆடினார், விஹாரி 161 பந்து. பெய்ன் பின்னாலிருந்து, அடுத்த டெஸ்ட் நடக்கவிருந்த பிரிஸ்பேனின் கப்பா மைதானத்துக்கு வா, பார்த்துக்கொள்கிறேன் என்றார், அஸ்வின் நீ இந்தியாவுக்கு வா, அதுதான் உன் கடைசித் தொடர் என்றார். இடையில் ஒரு வசவும் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் விஹாரி கொடுத்த கேட்ச்சைப் பெய்ன் நழுவவிட்டார். ஆட்டம் டிரா. கீப்பராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வாய் அதிகமாக ஓடும் நாளில் கை சரியாக வேலை செய்யாது.

பேச்சு கோடு தாண்டினால் திருப்பித் திட்டாதீர்கள். திட்டினால் அம்பயர் கண்ணில் இருவரும் ஒன்றாகிவிடுவீர்கள். 2019 பிப்ரவரியில் வெஸ்ட் இண்டீஸின் ஷானன் கேப்ரியல், பையன்களைப் பிடிக்குமா என்று இங்கிலாந்து கேப்டன் ஜோ ரூட்டிடம் கேட்டபோது, அதை வசவாகப் பயன்படுத்தாதே, அப்படி இருப்பதில் தப்பொன்றும் இல்லை என்ற அளவில் ரூட் நிறுத்திக்கொண்டார். கேப்ரியலுக்குத் தடையில் நான்கு ஒருநாள் ஆட்டங்கள் போயின. முடிந்தால் இப்படி ஒரே வாக்கியம். முடியாவிட்டால் அதுவும் வேண்டாம், நேராக அம்பயரிடம் போங்கள். "தப்பா பேசுறான் சார்" என்றால் எங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. சொன்ன வார்த்தையை அப்படியே, கூசாமல் சொல்லுங்கள். யார், எந்த ஓவர், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்து, அந்தப் பந்து முடிந்த கையோடு சொல்ல வேண்டும். மறுநாள் சொன்னால் 2008 சிட்னி கதைதான், அவரவர் காதில் அவரவருக்கு விழுந்தது.

எங்கள் கையில் என்ன இருக்கிறது? 2017இல் வந்த எம்.சி.சி. விதி 42 நான்கு படி வைத்திருக்கிறது. அவமதிக்கிற, அருவருப்பான பேச்சு முதல் படி: முதலில் எச்சரிக்கை, அதே அணி மறுபடி செய்தால் எதிரணிக்கு ஐந்து ரன். பேச்சு கடுமையான அவமதிப்பாக இருந்தால் இரண்டாம் படி, எச்சரிக்கைக்கே இடமில்லாமல் ஐந்து ரன். சக வீரரை அடிப்பேன் என்று மிரட்டுவது மூன்றாம் படி: ஐந்து ரன்னோடு, குறிப்பிட்ட ஓவர்கள் வெளியே உட்கார வேண்டும். கை வைத்தால் நான்காம் படி, ஆட்டம் முடியும்வரை வெளியே. நான் இதுவரை இரண்டு தடவை ஐந்து ரன் கொடுத்திருக்கிறேன். ஸ்கோரருக்குத் தோளைத் தட்டிக் காட்டும்போது மைதானம் சட்டென்று அமைதியாகும் பாருங்கள், எந்தப் பிரசங்கத்துக்கும் அந்தச் சக்தி கிடையாது.

கேப்டன்களுக்கு ஒன்று. டாஸுக்கு முன்னால் எதையெல்லாம் பேசக்கூடாது என்று அணியிடம் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: சாதி கிடையாது, நிறம் கிடையாது, வீட்டுப் பெண்கள் கிடையாது. "ஒழுங்கா நடந்துக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் யார் காதிலும் ஏறாது. நான் ஆடிய அணியில் ஸ்லிப்பில் ஒரு அண்ணன் நிற்பார். யாராவது தப்பாக வாய் திறந்தால் "டேய், ஃபீல்டிங்கைப் பாரு" என்பார். அவ்வளவுதான், அடங்கிவிடும். அந்தத் திக்குவாய்ப் பையன் ஆடிய அன்று அவர் வரவில்லை.

கோடு தாண்டிவிட்டால் மன்னிப்பு கேட்க வேண்டும், அதற்கும் முறை உண்டு. தனியாகப் போங்கள். சொன்னதைச் சொல்லி, அது தப்பு என்று சொல்லுங்கள். "விளையாட்டுக்குத்தான் சொன்னேன்", "மனசுல வச்சுக்காதே" எல்லாம் வேண்டாம். மனதில் வைப்பதும் விடுவதும் அவன் பாடு. 2021இல் சிட்னியில் அஸ்வினிடம் பேசியதற்குப் பெய்ன் மறுநாளே தன்னை முட்டாள் என்று சொல்லி வருத்தம் தெரிவித்தார். 1997இல் டர்பனில் ராகுல் திராவிட்டிடம் எல்லை மீறிப் பேசிய தென்னாப்பிரிக்க பௌலர் ஆலன் டொனால்ட், வெளிப்படையாக மன்னிப்பு கேட்டது 2022இல். இருபத்தைந்து வருடம் கழித்துக் கேட்டாலும் கேட்டதுதான், திராவிட்டை எல்லோருக்கும் தெரியும், தேடிப் பிடிக்கலாம்.

எனக்கு அந்தப் பையனின் பெயர் தெரியாது. போன வருடம் பழைய ஸ்கோர் புத்தகம் ஒன்று கிடைத்தது, புரட்டிப் பார்த்தேன். ஏழாவது வரியில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ அவசரத்தில் கிறுக்கிய ஒரே ஒரு எழுத்து. அதற்கு நேரே, ரன்-அவுட், 14.