காலி சைட்டில் பார்த்தீனியமா? வண்டை விடுங்கள்

பெங்களூரில் எங்கள் ராமமூர்த்தி நகரில் வீடு கட்டாத சைட் எல்லாம் ஜூன் மழைக்கு அப்புறம் பார்த்தீனியக் களைக் காடுதான். அதன் மகரந்தம் என் மகளுக்கு ஆகாது, மூச்சு இழுக்கும். ஒரே செடி பல ஆயிரம் விதை போடும், பிடுங்கி மாளாது. இதைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து, 1984இல் பெங்களூரில் விட்ட வண்டு ஒன்று இருக்கிறது. அதை உங்கள் பக்கம் பெருக்குவது கஷ்டமில்லை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம். வெளுத்த முதுகில் கரும்பழுப்புக் கோடுகள் நெளியும். இலைகள் அரிக்கப்பட்டு நரம்பு மட்டும் நிற்கும் செடிகளில் தேடுங்கள். புழுவும் இலையைத் தின்னும், குறிப்பாகக் கொழுந்தை. கொழுந்து போனால் பூ குறையும். எனக்கு வேண்டியது அதுதான்.

ஜூலை, ஆகஸ்டில் வெயில் ஏறுமுன் போங்கள். கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். வாயகன்ற டப்பாவில் கொஞ்சம் பார்த்தீனிய இலை போட்டு, செடியை அதன்மேல் சாய்த்துத் தட்டினால் வண்டுகள் உள்ளே விழும். மூடியால் இறுக்காமல் பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்டுங்கள். அன்றைக்கே கொண்டுபோய், பூக்காத இளஞ்செடிகள் அடர்ந்த ஒரே இடத்தில் விடுங்கள். ஓரிடத்துக்கு 500 முதல் 1,000 வரை விடச் சொல்வார்கள். தெருவில் நாலு பேர் சேர்ந்தால் முடியும். பக்கத்தில் சூரியகாந்தி வயல் இருந்தால் மட்டும் வேண்டாம்.

இதே களைக்கு ஆஸ்திரேலியாவில் தண்டைத் துளைக்கும் சின்ன அந்துப்பூச்சி ஒன்றை விட்டார்கள். இங்கே சோதித்தபோது அது எண்ணெய் வித்துப் பயிரான பேயெள்ளுச் செடியிலும் வளர்ந்தது, அதனால் வெளியே விடவில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்து விட்ட வண்டு இது. தயவுசெய்து வண்டு விட்ட இடத்தில் மருந்து அடிக்காதீர்கள், தீ வைக்காதீர்கள். புழு கூட்டுப்புழுவாவது மண்ணுக்குள்தான்; மழை நின்றபின் வண்டு உறங்குவதும் அங்கேதான். ஜேசிபி வருகிறது என்றால் சைட்காரரிடம் பேசி ஒரு ஓரத்தையாவது கிளறாமல் விடச் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு அங்கிருந்துதான் கிளம்பும்.

வண்டு உறங்கும் மாதங்களில் முளைப்பதை நாம்தான் பார்க்க வேண்டும். பூக்குமுன் ஈர மண்ணில் வேரோடு பிடுங்குங்கள். அது உரக்குழிக்குப் போகலாம். பூத்ததைப் போடாதீர்கள், உரத்தோடு விதையும் தோட்டத்துக்கு வந்துவிடும்.