சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல எட்டு பத்து மணி நேரம் லேஓவரா, அதாவது அடுத்த ஃப்ளைட்டுக்காக காத்திருக்கணுமா? கிளம்புறதுக்கு முன்னாடியே இத பாத்து வெச்சுக்கங்க

சென்னை, திருச்சி, கோயம்புத்தூர்ல இருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் போறவங்க நிறைய பேர் சிங்கப்பூர்ல தான் ஃப்ளைட் மாறுறோம். விலை கம்மியா இருக்கேன்னு புக் பண்ணா நடுவுல எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டி வரும். அத மொத்தமா ஒரே சேர்ல உக்காந்து போன் பாத்தே கழிச்சிட்டு போறவங்கள பாத்தா எனக்கு மனசு கேக்காது, அவ்ளோ விஷயம் இருக்கு அங்க. ஆனா அதுக்கான வேலை வீட்ல இருக்கும்போதே ஆரம்பிக்கணும்.

முதல்ல டிக்கெட்ட பாருங்க. ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே புக்கிங் நம்பர்ல இருந்தா பெரும்பாலும் லக்கேஜ் நேரா கடைசி ஊருக்கே போயிடும், செக்-இன் கவுன்ட்டர்லயே டேக்ல எந்த ஊர் கோடு போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு நகருங்க, மெல்போர்ன்னா எம்இஎல்னு இருக்கணும். தனித்தனியா ரெண்டு டிக்கெட் போட்டிருந்தா கதையே வேற, சிங்கப்பூர்ல இமிக்ரேஷன் தாண்டி வெளிய வந்து பெட்டிய எடுத்து திரும்ப செக்-இன் பண்ண வேண்டி வரலாம், அப்போ உள்ள நுழைய அனுமதி இல்லன்னா மாட்டிக்குவீங்க. அதனால தனித்தனி டிக்கெட் போடுறதா இருந்தா ஏர்லைன்ஸ்கிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க.

வெளிய போற விஷயம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேணும். ஆனா நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, விசா இல்லாமலே 96 மணி நேரம் வரைக்கும் தங்கிட்டு போற டிரான்சிட் வசதி இந்தியர்களுக்கு இருக்கு. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, ஸ்விட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா, இதுல ஏதாவது ஒரு நாட்டு விசா கையில இருக்கணும், அது குறைஞ்சது ஒரு மாசமாவது செல்லுபடியாகணும், அடுத்த ஃப்ளைட் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகி இருக்கணும். கடைசி முடிவு இமிக்ரேஷன் ஆபீசர் கையில தான். ஆஸ்திரேலியா விசா ஸ்டிக்கரா வராது, மெயில்ல தான் வரும், அதனால அந்த லெட்டர பிரின்ட் எடுத்து பாஸ்போர்ட்டோட வெச்சுக்கங்க. வெளிய வரணும்னா சிங்கப்பூருக்குள்ள நுழையறதுக்கான ஃபார்ம், எஸ்ஜி அரைவல் கார்டுன்னு பேரு, அதையும் ஆன்லைன்ல போடணும், இறங்குறதுக்கு மூணு நாள் முன்னாடியில இருந்து போடலாம், சுத்தமா ஃப்ரீ. காசு கேக்குற வெப்சைட் எதுவா இருந்தாலும் உடனே மூடிடுங்க.

இப்போ நேரக் கணக்கு. போன்ல மணி தானா மாறிடும் ஆனா கைல கட்டுன வாட்ச் மாறாது, சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. எட்டு மணி நேரம் கேப்னா இறங்கி இமிக்ரேஷன் முடிச்சு வர ஒரு மணி நேரம், போக வர ரெண்டு மணி நேரம், ஃப்ளைட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி திரும்ப உள்ள இருக்கணும், ஆக கைல நிக்குறது மூணு மணி நேரம். அஞ்சு மணி நேரத்துக்கு கம்மின்னா ஊருக்குள்ள போற ஆசையே வேணாம்.

தனியா சுத்த பயமா இருந்தா ஏர்போர்ட்டே நடத்துற ஃப்ரீ சிங்கப்பூர் டூர் இருக்கு. அஞ்சரை மணி நேரத்துக்கு மேல, 24 மணி நேரத்துக்குள்ள கேப் இருக்குறவங்களுக்கு, பஸ்ல கூட்டிட்டு போய் ரெண்டரை மணி நேரத்துல திரும்ப கொண்டு வந்து விட்ருவாங்க. இதுக்கும் மேல சொன்ன விசா விஷயம் பொருந்தும். முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணிடுங்க, இறங்கினதும் நீங்களா இமிக்ரேஷன தாண்டி வெளிய போயிடாதீங்க, உள்ள இருக்குற டூர் கவுன்ட்டருக்கு போங்க.

என்ன கேட்டா பகல் நேரமா இருந்தா லிட்டில் இந்தியா தான். சாங்கி ஏர்போர்ட் ஸ்டேஷன்ல எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஏறி அடுத்த ஸ்டேஷன் எக்ஸ்போல இறங்கி டவுன்டவுன் லைன் மாறுனா நேரா லிட்டில் இந்தியா, முக்கால் மணி நேரம் சொச்சம் ஆகும், டிக்கெட் எடுக்க வேணாம், தட்டுனா போற மாதிரி விசா இல்ல மாஸ்டர்கார்டு பேங்க் கார்டு இருந்தா கேட்ல தட்டிட்டு போகலாம், கார்டுல வெளிநாட்டு உபயோகத்த ஆன் பண்ணி வெச்சிருங்க. தேக்கா சென்டர்ல ஒரு பரோட்டாவும் தே தாரேயும் (ஆத்துன பால் டீ), சைவம்னா சிராங்கூன் ரோட்டுல 1947ல இருந்து இருக்குற கோமள விலாஸ். அதே ரோட்டுல வீரமாகாளியம்மன் கோயில், மதியத்துல நடை சாத்திடுவாங்க அத பாத்து போங்க. முஸ்தபாங்கிற பெரிய கடைல கோடாலி தைலம் வாங்காம யாரும் வர மாட்டாங்க, ஆனா கேபின் பேக்ல வர்ற பாட்டில் ஒவ்வொண்ணும் 100 மில்லிக்குள்ள இருக்கணும். சிகரெட் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் டிக்ளேர் பண்ணி வரி கட்டணும், வேப் (இ-சிகரெட்), வாயில போட்டு மெல்லுற புகையிலை எல்லாம் கொண்டு வரவே கூடாது, விளையாட்டா எடுத்துக்காதீங்க.

வெளிய போக முடியலன்னாலும் பரவால்ல. டெர்மினல் 1, 2, 3 மூணுக்கும் நடுவுல ஸ்கைட்ரெயின் ஃப்ரீயா ஓடுது, 4க்கு மட்டும் பஸ். மூணாவது டெர்மினல்ல பட்டாம்பூச்சி தோட்டம், இத வெளிச்சம் இருக்கும்போது பாருங்க, இருட்டுனா ஒண்ணும் பறக்காது. ரெண்டுல சூரியகாந்தி, ஒண்ணுல கள்ளிச்செடி தோட்டம், ஃப்ரீயா படம் ஓடுற தியேட்டர் கூட இருக்கு. எல்லாரும் போட்டோல பாக்குற அந்த 40 மீட்டர் அருவி ஏர்போர்ட்ட ஒட்டி இருக்குற ஜூவல் மால்ல இருக்கு, ஜூவல் இமிக்ரேஷனுக்கு வெளிய. உள்ளயே இருக்குறவங்க 2க்கும் 3க்கும் நடுவுல ஸ்கைட்ரெயின்ல போனா போற போக்குல கண்ணுல படும்.

ராத்திரி லேஓவர்னா சுத்துறத விட்டுட்டு தூங்குங்க. சாஞ்சு படுக்குற சேர் ஃப்ரீயா இருக்கு, ஏசி குளிரும், ஒரு சால்வை கண்டிப்பா வேணும். டிரான்சிட் ஹோட்டல்ல மணி கணக்குல ரூம் எடுக்கலாம், புக் பண்ணும்போது அது இமிக்ரேஷனுக்கு உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க.

அப்பா அம்மா தனியா பிள்ளைய பாக்க வர்றாங்கன்னா மேல சொன்னதுல பாதிய மறந்துடுங்க, அவங்களுக்கு எட்டு மணி நேரமே வேணாம், ரெண்டாயிரம் மூவாயிரம் கூட போனாலும் மூணு மணி நேர கேப் இருக்குற டிக்கெட்டா போடுங்க. வீல்சேர் கேட்டா கேட் வரைக்கும் ஆள் கூட்டிட்டு போவாங்க, ஆனா நடுவுல ஒரு இடத்துல உக்கார வெச்சிருவாங்க, இஷ்டத்துக்கு சுத்த முடியாது, அதனால சாப்பாடு, மாத்திரை, ஸ்வெட்டர் எல்லாம் கைப்பையிலயே இருக்கட்டும். சாங்கில நிறைய இடத்துல செக்யூரிட்டி செக் கேட் வாசல்ல தான், அங்க தண்ணி பாட்டில காலி பண்ண சொல்லுவாங்க, உள்ள போனப்புறம் சில கேட்ல பாத்ரூமும் கிடையாது. அதையும் முடிச்சுட்டே உள்ள போக சொல்லுங்க.