தோள் கழன்றால் இழுத்துப் போடுவதோடு முடியாது

கபடியில் ஆளைப் பிடிக்கக் கை நீட்டும்போதும் பைக்கிலிருந்து விழுந்து கையை ஊன்றும்போதும் தோள் கழன்றுவிடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முன்பக்கமாகத்தான் நழுவும். பக்கத்தில் நிற்பவர் உடனே கையைப் பிடித்து இழுக்கப் பார்ப்பார். தயவுசெய்து இழுக்க விடாதீர்கள். எலும்பில் விரிசல் இருந்தால் அந்த இழுப்பிலேயே உடைந்துவிடும். கை எப்படி இருக்கிறதோ அப்படியே துண்டால் தொட்டில் கட்டி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

அங்கேயும் தவறு நடக்கும். மேல்கையின் வெளிப்பக்கத் தோலில் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று, கழன்ற மூட்டை மீண்டும் உள்ளே போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். மூட்டை ஒட்டி ஓடும் அக்சிலரி நரம்பு அடிபட்டிருந்தால் அந்த இடம் மரத்திருக்கும். முன்பு பார்க்காவிட்டால், நரம்புக் காயம் விழுந்ததில் வந்ததா இழுத்ததில் வந்ததா என்று பிறகு சொல்ல முடியாது. நேர்முக எக்ஸ்ரே ஒன்றை மட்டும் நம்புவதும் ஆபத்து. வலிப்பு வந்தவருக்கும் மின்சாரம் தாக்கியவருக்கும் மூட்டு பின்பக்கமாக நழுவலாம். நேர்முகப் படத்தில் அது சரியாக இருப்பதுபோலவே தெரியும். கை வெளிப்புறமாகத் திரும்பவில்லை என்றால் பக்கவாட்டுப் படமும் எடுத்தே ஆகவேண்டும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது இதற்குப் பிறகு நடப்பதுதான். மூட்டு உள்ளே போனதும் வலி சட்டென்று குறையும், ‘சரியாகிவிட்டது’ என்று பையன் மறுவாரமே மைதானத்துக்குப் போய்விடுவான். உள்ளே, தோள்பட்டை எலும்பில் இருக்கும் மூட்டுக் கிண்ணத்தின் முன்விளிம்பில் உள்ள குருத்தெலும்பு வளையம் பிய்ந்திருக்கும். பேங்கார்ட் காயம் என்பது இதைத்தான். அந்தக் கிண்ணத்தில் உட்காரும் மேல்கை எலும்பின் பந்து போன்ற தலையின் பின்பக்கம் விளிம்பில் மோதிக் குழி விழுந்திருக்கும். 1940-இல் அதை விவரித்த இரு கதிரியக்க மருத்துவர்களின் பெயரால் அது ஹில்-சாக்ஸ் குழி. இருபது வயதுக்குள் மோதி விளையாடுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தோள் மறுபடி கழலும். ஒவ்வொரு முறையும் கிண்ணத்து எலும்பு கொஞ்சம் தேயும். தேய்மானம் கால்பங்கை நெருங்கிய பிறகு குருத்தை மட்டும் தைத்தால் நிற்காது. தோள்பட்டை எலும்பின் கொக்கி போன்ற முனையை வெட்டி முன்விளிம்பில் பொருத்தும் லாட்டர்ஜே அறுவை தேவைப்படலாம். அதனால்தான் பலமுறை கழன்ற தோளுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்காமல் அறுவைக்குப் போகக்கூடாது என்கிறேன்.

நாற்பது தாண்டியவர்களுக்குக் கதை வேறு. மீண்டும் கழல்வது குறைவு. ஆனால் கையைத் தூக்கும் தசைநார் கிழிந்திருக்கலாம். இரண்டு வாரம் கழித்தும் கை மேலே போகவில்லை என்றால் ‘வலியால்தான்’ என்று விட்டுவிடாமல் ஸ்கேன் பார்க்க வேண்டும். ஆறு வாரம் தொட்டிலிலேயே வைத்தால் தோள் இறுகிப்போகும்.

இன்னும் ஒரு வகையினர் உண்டு: கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடும், அடி எதுவும் படாமலே இரண்டு தோளும் நழுவும். உடம்பே தளர்வாக இருக்கும் இவர்களுக்கு எடுத்த எடுப்பில் கத்தி வைப்பது தவறு. தோள்பட்டைத் தசைகளுக்கு மாதக்கணக்கில் பிசியோதெரபி பயிற்சி கொடுத்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சை எடுக்கவேண்டும்.