தாம்பத்தியத்தில் இடைவெளி விழுந்துவிட்டால் எங்கிருந்து தொடங்குவது?

முதலில் கணக்குப் பார்ப்பதை நிறுத்துங்கள். மற்றவர்கள் வாரம் எத்தனை முறை உடலுறவு வைத்துக்கொள்கிறார்கள் என்று நள்ளிரவில் போனில் தேடிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் சொல்கிறேன். 30,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தகவலை வைத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. தம்பதிகளுக்கு வாரம் ஒரு முறை வரைக்கும் உறவு கூடக் கூட மனநிறைவும் கூடுகிறது, அதற்கு மேல் போனால் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. அதே ஆண்டு கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வில் சில தம்பதிகளை வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு உறவு வைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார்கள். சந்தோஷம் கூடவில்லை, இருந்த ஆசையும் குறைந்துபோனது. இரண்டு பேருக்கும் போதும் என்றால் மாதம் ஒன்றும் சரிதான். ஒருவர் ஏங்க, மற்றவர் ஒதுங்க, அதைப் பற்றி இருவரும் வாயே திறக்காமல் இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

உறவு குறைந்தால் மாரடைப்பு வரும் என்று பயமுறுத்தும் வீடியோக்களை நம்பி நடுங்க வேண்டாம். வேல்ஸ் நாட்டில் 918 ஆண்களைப் பத்து வருடம் கவனித்த ஆய்வில், அடிக்கடி உச்சம் அடைந்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது உண்மை. ஆனால் உடம்பு நன்றாக இருப்பவருக்குத்தானே ஆசையும் தெம்பும் இருக்கும்? அதனால் எது காரணம், எது விளைவு என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நான் பயப்படச் சொல்வது வேறொன்றுக்கு. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இதயத்துக்குப் போகும் குழாய்களைவிட மெல்லியவை, அதனால் அடைப்பு இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். நாற்பதைத் தாண்டியவருக்குச் சில மாதங்களாக விறைப்பு சரியாக இல்லையென்றால், வெட்கப்பட்டு ஆசையே இல்லாதவர் போலக் காட்டிக்கொள்ளாமல், சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிடுங்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் விறைப்புக்கான மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். லாட்ஜில் மாதம் ஒரு நாள் வந்து உட்காருகிறவர்கள் கொடுக்கும் லேகியமும் வேண்டாம், அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பெண்களுக்குத் தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் பாருங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் சில, ஆணோ பெண்ணோ, நாட்டத்தைக் குறைக்கும். நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். தாய்ப்பால் கொடுக்கும்போதும் மாதவிடாய் நிற்கும் வயதிலும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து பிறப்புறுப்பு வறண்டுவிடும், உறவு வலிக்கும். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள், உடம்பு அந்த வலியை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். வறட்சிக்குத் தடவிக்கொள்ள மருந்துக்கடையில் தண்ணீர் கலவையில் செய்த வழவழப்பு ஜெல் கிடைக்கும். ஆணுறை பயன்படுத்துபவர்கள் அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் தடவுவதைத் தவிர்க்கவும், ரப்பர் பலவீனமாகிக் கிழியலாம்.

இனிதான் கஷ்டமான பகுதி. எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து பத்து மாதம் எதுவும் இல்லை. எனக்கு வலி, அவருக்குத் தயக்கம். உறவு நின்றதைவிட, அதோடு சேர்ந்து மற்றதெல்லாம் நின்றதுதான் என்னை வாட்டியது. காபி டம்ளரை நீட்டும்போது விரல் படாமல் வாங்குவார். மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது ஒருநாள் கேட்டே விட்டேன். "தோளில் கை வைத்தாலே நீ இறுகிப்போகிறாய், அதனால் வைப்பதையே விட்டுவிட்டேன்" என்றார். அவர் சொன்னது நிஜம். கை பட்டாலே அடுத்தது அதுதான் என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. பல வீடுகளில் இதே முடிச்சுதான்.

அதை அவிழ்க்க ஒரு வழி உண்டு, பாலியல் சிகிச்சையில் 1970-களிலிருந்தே பயன்படுத்துகிறார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு உறவே கிடையாது என்று இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டு, தொடுவதை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள். காலைப் பிடித்துவிடுவது, தலையில் எண்ணெய் தேய்ப்பது, பக்கத்தில் கை கோத்துப் படுத்திருப்பது, அவ்வளவுதான். எங்கே போய் முடியுமோ என்ற பயம் இல்லாதபோது உடம்பு தானாகத் தளரும். ஆசை வந்த பிறகுதான் தொட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், பலருக்கு, குறிப்பாக வருடங்கள் ஓடிய கல்யாணத்தில், இதமாகத் தொட்ட பிறகுதான் ஆசையே எட்டிப்பார்க்கும். ஆனால் வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். கெஞ்சுவது, முகத்தைத் தூக்கிக்கொள்வது, மனைவியின் கடமை என்று பேசுவது, இதில் ஒன்று நடந்தாலும் அதுவரை தளர்ந்ததெல்லாம் மறுபடி இறுகிவிடும்.

பேச்சை படுக்கையில் ஆரம்பிக்காதீர்கள். நடக்கும்போதோ பாத்திரம் கழுவும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசுவது சுலபம். "நீ ஏன் வருவதே இல்லை" என்று தொடங்கினால் சண்டை நிச்சயம், "உன் பக்கத்தில் படுப்பதை நான் தேடுகிறேன்" என்றால் எதிராளி காது கொடுத்துக் கேட்பார்.

அப்புறம் இடம். குழந்தை நடுவில் படுக்கிற வீட்டில், ஒரே அறை என்றால், குழந்தையைச் சுவர் ஓரமாக மாற்றுங்கள். முதல் வாரம் அழும். பாட்டி இருந்தால் வாரம் ஒரு ராத்திரி அவரிடம் கதை கேட்டுத் தூங்கட்டும். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு ராத்திரிதான் என்று எந்தச் சட்டமும் இல்லை, குழந்தை பள்ளிக்குப் போன பிறகு வரும் பத்து மணி நல்ல நேரம்.

இதையெல்லாம் இரண்டு மாதம் செய்தும் நகரவில்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதைப் பற்றித் தயங்காமல் பேசலாம். துணை வர மறுத்தால் நீங்கள் தனியாகவாவது போங்கள்.