ஏரியா சபைக்கு முன்னால் ஒரு தெருக் கூட்டம்: நடத்துவது எப்படி?

கிராம சபை எல்லாருக்கும் தெரியும். நகராட்சி, பேரூராட்சியில் குடியிருப்பவர்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. 2022-இல் தமிழக அரசு வார்டு குழு, பகுதி சபை (ஏரியா சபை) விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று ஏரியா சபைகள் கூடின. அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாருமே அதில் உறுப்பினர்கள். ஆனால் வெறுங்கையோடு போனால் ஆளுக்கொரு குறை சொல்லிக் கலைவதோடு சரி. அதனால் எங்கள் தெருவில் முன்கூட்டியே கூடிவிடுகிறோம்.

1. உங்கள் பாகத்தின் (உங்கள் வாக்குச்சாவடிக்கு உரிய பகுதியின்) வாக்காளர் பட்டியலைத் தேர்தல் துறை தளத்தில் இறக்கி அச்செடுங்கள். அதை வைத்து வீடு வீடாகப் போய்க் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் தகவல் சொல்லத்தான் உதவும், ஆள் சேர்க்காது. பட்டியலில் பெயர் இல்லாத வாடகைக் குடும்பங்களையும் கூப்பிடுங்கள். தண்ணீர்க் கஷ்டம் அவர்களுக்குத்தான் அதிகம்.

2. ஞாயிறு சாயங்காலம், பொது இடம். கட்சிக்காரர் வீட்டு மாடி வேண்டவே வேண்டாம்.

3. தீர்மானம் எழுதுவது. பெரும்பாலான கூட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. "சாக்கடை சரியில்லை, நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும், அவ்வளவுதான். இப்படி எழுதுங்கள்: "டிரான்ஸ்பார்மர் முதல் ரேஷன் கடை வரை வடிகால் மூடி நான்கு உடைந்துள்ளன. பள்ளிப் பிள்ளைகள் போகும் வழி. புது மூடி போட வேண்டும்." எந்த இடம், என்ன பழுது, என்ன வேலை, மூன்றும் இருக்க வேண்டும். ஒரு கூட்டத்துக்கு மூன்று தீர்மானம் போதும். எது முதலில் என்பதைக் கை தூக்கி முடிவு செய்யுங்கள். பெண்கள் முதலில் பேசட்டும். குழாயடியில் நிற்பவர்களுக்குத்தான் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கிறது என்று தெரியும்.

எழுதுவதற்குப் பக்க எண் அச்சிட்ட, தைத்த நீள நோட்டு வாங்குங்கள். தனித்தாள் தொலைந்துவிடும். எழுதியதைச் சத்தமாக வாசித்த பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

4. தீர்மானங்களை மூன்று நகல் எடுத்து ஏரியா சபையில் கவுன்சிலரிடம் ஒன்றைக் கொடுங்கள். மற்றொன்றை நகராட்சி தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

பிற்சேர்க்கை: பதிலே வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்தத் தேதி மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது, என்ன குறிப்பு எழுதியிருக்கிறார்கள்? 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வந்த பதிலை அதே நோட்டில் ஒட்டி, அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக வாசியுங்கள்.